நெய்தலைப் பார்த்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவில் உரையாற்ற வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது, கடற்கரையில் டிஜிட்டல் காமிராவோடு உலவும் இன்பத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். அவர் சற்றே தயங்கி, "இலக்கியம் வருமல்லவா?" என்றார். வரும் என்று வாக்களித்தேன். வாக்கைக் காப்பாற்றுவது என் பொறுப்பு. பொறுத்துக் கேட்பது உங்கள் பெருந்தன்மை.

ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரை உடையது நம் தமிழகம். ஐந்திணையில் ஒன்றைக் கடலுக்கே ஒதுக்கிய மரபு நம்முடையது. ஐங்குறுநூற்றில் நெய்தற் பாடல்கள் நூறும் அம்மூவனார் என்ற ஒரே புலவர் பாடியவை. ஒரு நிலத்தை நூறு முறை பாட வேண்டுமானால் அந்த நிலத்தை எத்தனை முறை பார்த்திருக்க வேண்டும்! நாமும் கடலைப் பாடுகிறோம். இந்த வட்டத்தின் மாதக் கூட்டங்களில் அலையும் நுரையும் நிலவும் இல்லாத கூட்டம் அரிது. ஆயினும் ஒரு கேள்வியை நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ளலாம். நம் கவிதைகளில் வரும் கடல் நாம் பார்த்த கடலா, படித்த கடலா? புன்னை என்று எழுதுகிறோம். புன்னையின் பூவில் எத்தனை நிறம் என்று கேட்டால் எத்தனை பேர் தயங்காமல் விடை சொல்வோம்? யாரையும் குறை கூறுவதற்காக இதைக் கேட்கவில்லை. நகரத்தில் வாழ்ந்து, விடுமுறை நாளில் மாலை ஐந்து மணிக்குக் கடற்கரைக்குப் போய், சுண்டல் வாங்கித் தின்று, ஏழு மணிக்குத் திரும்புகிறவர்களுக்கு வேறெப்படி அமையும்? அந்த இரண்டு மணி நேரத்தை உண்மையாகவே பார்ப்பதற்குச் செலவிட ஒரு சிறு கருவி துணை செய்யும் என்பதே என் உரையின் சாரம்.

காமிரா என்றதும் சிலர் அஞ்சுகிறார்கள். அது பெரிய கலை, பெரிய செலவு, பெரிய சுமை என்று நினைக்கிறார்கள். நான் பேசுவது தொழில்முறைக் கலைஞர்களின் ஒளிப்படக் கலையைப் பற்றியன்று. உலாவப் போகிறவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகும் சிறிய டிஜிட்டல் காமிராவைப் பற்றி. பரிசுக்கோ கண்காட்சிக்கோ அல்லாமல், எடுக்கும் மகிழ்ச்சிக்காகவே படம் எடுப்பதைப் பற்றி. பொழுதுபோக்கு என்ற சொல்லை நாம் இளக்காரமாகப் பயன்படுத்துகிறோம். பொழுதை வீணே போக்குவதும் பொழுதுபோக்குத்தான். பொழுது போவதைக் கண்ணாரக் கண்டிருப்பதும் பொழுதுபோக்குத்தான். நான் சொல்வது இரண்டாவதை.

இக்கருவி நம் கைக்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்தார். 1858ஆம் ஆண்டு அவர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளைப் படமெடுத்தார். மெழுகு பூசிய காகிதமே அவருடைய பிலிம். 21 படங்களை எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். பெரிய பெட்டிகளையும் மருந்துகளையும் சுமந்துகொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் அசையாமல் காத்திருந்து செய்த வேலை அது. பின்னர்ப் பிலிம் சுருள் வந்தது. ஒரு சுருளில் 36 படங்கள். முப்பத்தாறையும் எண்ணி எண்ணிச் செலவழித்த தலைமுறையினர் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். திருமணத்துக்கு ஒரு சுருள், திருப்பதிப் பயணத்துக்கு ஒரு சுருள் என்று கணக்கு வைத்திருந்த காலம் அது. கடலுக்கும் காக்கைக்கும் சுருளைச் செலவிட மனம் வராது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர், ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேமிக்கும் சில்லுக்கு வழி கண்டார்கள். அதற்காக 2009இல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 1975இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லை வைத்து முதல் டிஜிட்டல் காமிராவைக் கட்டினார். ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடை. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் மொத்தம் 10,000 புள்ளிகள். அதை ஒலிநாடாவில் பதிவு செய்ய 23 வினாடிகள் ஆயின. அதே நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் என்பவர், சில்லின் மீது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகளைச் சதுரங்கக் கட்டம் போல் பரப்பி வண்ணத்தைப் பிடிக்கும் முறையை வகுத்தார். அந்தக் கட்டங்களில் பாதி பச்சை. மற்றப் பாதியைச் சிவப்பும் நீலமும் பங்கிட்டுக்கொள்கின்றன. மனிதக் கண் நுணுக்கமாகப் பார்ப்பது பச்சை ஒளியில்தான் என்பது இதற்குக் காரணம். இயந்திரத்தின் கண்ணைச் செய்தவர்கள் முதலில் மனிதக் கண்ணைப் படித்தார்கள் என்பது கவிஞர்கள் மனத்தில் வைக்கத்தக்க செய்தி.

2010ஆம் ஆண்டில் உலகெங்கும் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் கடைகளுக்குச் சென்றன. கைப்பேசியிலேயே காமிரா வந்து அமர்ந்துகொண்டதால் 2020இல் அந்த எண்ணிக்கை ஒரு கோடிக்கும் கீழே இறங்கியது. கைப்பேசியில் எடுத்தாலும் நான் சொல்பவை பொருந்தும். இருப்பினும் தனிக் காமிராவில் ஒரு வசதி உண்டு. அதில் அழைப்பு வராது, செய்தி வராது. பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அதைக் கையில் எடுத்தவருக்கும் அப்படியே ஆகிவிடுகிறது.

முப்பத்தாறு என்ற எல்லை போனது ஒரு விடுதலை. காக்கைக்கும் நண்டுக்கும் இப்போது தாராளமாகப் படம் செலவிடலாம். பிழையாக வந்ததை அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். ஆனால் அந்த விடுதலையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு மாலையில் நானூறு படம் எடுத்து வருகிறவர் நானூறு முறை பார்த்தவரல்லர். பெரும்பாலும் ஒரு முறைகூட நின்று பார்க்காதவர். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுக்கிறார். வீட்டில் நானூறையும் பார்க்க நேரமில்லை. இந்த ஆபத்திலிருந்து காப்பாற்ற நம்மிடம் பழைய இலக்கணம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியர் திணைக்குச் சொன்ன முதல், கரு, உரி என்ற மூன்றுமே அது.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். ஊரையும் பறவையையும் பூவையும் சொல்வதற்கு முன்னே இடத்தையும் நேரத்தையும் வைத்தார்கள் நம் முன்னோர். ஒளிப்படக்காரருக்கு இதைவிட நல்ல முதற்பாடம் எந்தக் கையேட்டிலும் இல்லை. படத்தின் மூலப்பொருள் ஒளி. ஒளியைத் தீர்மானிப்பவை, நீங்கள் நிற்கும் இடமும் நீங்கள் போன நேரமும்.

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. கதிரவன் சாயும் நேரம் என்று கொள்வது வழக்கு. சேர நாட்டுத் தொண்டியிலும் முசிறியிலும் நின்றவர்களுக்குக் கதிரவன் கடலுக்குள் இறங்கினான். நாகையிலோ புகாரிலோ மாமல்லையிலோ நிற்பவர்களுக்கு அப்படியன்று. நம் கிழக்குக் கரையில் மாலைக் கதிரவன் முதுகுக்குப் பின்னால், பனந்தோப்புக்கும் வீட்டுக் கூரைகளுக்கும் பின்னால் மறைகிறான். நம் நிழல் கடலை நோக்கி நீளுகிறது. எதிரே உள்ள கடல் நேரொளி பெற்று, நீலம் தெளிந்து, நுரை மஞ்சள் பூசி நிற்கும். கதிரவன் மறைந்த பின் உடனே வீட்டுக்குத் திரும்பாமல் கிழக்கே பார்த்துச் சில நிமிடம் நிற்பவர்களுக்கு ஒரு காட்சி கிடைக்கும். வானம் தெளிவாக இருந்தால், தொடுவானத்தின் மேல் கரும்நீலப் பட்டை ஒன்று எழும். அதற்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று தங்கும். அந்தக் கரும்நீலம் மேகமன்று. பூமியின் நிழல் வானத்தில் விழுந்து மேலேறுவது அது. கிழக்குக் கரையின் எற்பாடு என்பது கதிர் கடலில் விழுவதன்று. கடலிலிருந்து பூமியின் நிழல் எழுவது. சோழமண்டலக் கரையில் வாழ்ந்துகொண்டே கதிரவனைக் கடலில் மூழ்கடிக்கும் கவிஞர்கள் ஒரு மாலை இதைப் படமெடுத்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

விடியலில் இது தலைகீழாகும். கதிரவன் கடலிலிருந்து எழுகிறான். கடலை நோக்கி எடுத்தால் படகும் ஆளும் கருநிழலாக வருவார்கள். அதுவும் அழகே. ஆனால் எல்லோரும் கதிரவனையே படமெடுத்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் ஒரு முறை திரும்பி நில்லுங்கள். கரையிலுள்ள படகுகள், வலைக் குவியல்கள், மனித முகங்கள் யாவும் பொன்னொளியில் நனைந்திருக்கும். கதிரவனைப் பார்ப்பதைவிடக் கதிரவன் பார்ப்பதைப் பார்ப்பதே பல நேரங்களில் நல்ல படமாகிறது.

நேரம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் வாழ்கிறோம். இங்கே கதிரவன் சாய்வாக ஊர்ந்து எழுவதில்லை. ஏறத்தாழச் செங்குத்தாக, மணிக்குப் பதினைந்து பாகை என்ற கணக்கில் ஏறிவிடுகிறான். ஐரோப்பியக் கையேடுகளில் நெடுநேரம் நீளும் மெல்லொளி நமக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். காலை ஏழரைக்குக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு வெள்ளை வெயிலே மிஞ்சும்.

கருவியைப் பற்றி மூன்று செய்திகள் போதும். ஒன்று, காமிராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக்கொள்ளும். வெயிலில் மின்னும் மணலையும் நுரையையும் கண்டால், ஒளி மிகுந்துவிட்டது என்று கருதிப் படத்தை இருட்டாக்கிவிடும். அப்போது கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானால் ஒரு படி ஒளியைக் கூட்டினால் மணல் மணலாகவே வரும். இரண்டு, திறப்பு நேரத்தை வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக வைத்தால் அலையின் ஒவ்வொரு துளியும் கண்ணாடிச் சில்லாக உறையும். கால் வினாடியாக வைத்துக் காமிராவைப் படகு விளிம்பிலோ பாறையிலோ அசையாமல் இருத்தினால் அலை பனிப்படலமாகக் குழையும். இரண்டும் நம் கண் காணாதவை. மூன்று, உப்புக் காற்று காமிராவுக்குப் பகை. வீடு திரும்பியதும் சற்றே ஈரமான துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே விடியற்கடலுக்குக் கொண்டுபோனால் வில்லையில் நீர் படியும். பையில் மூடியே வைத்திருந்து மெல்லச் சூடேற விட வேண்டும்.

அடுத்தது கருப்பொருள். நிலமும் பொழுதும் அமைந்த பின், அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. இதில் காமிரா செய்யும் பேருதவி, நம்மைக் குனிய வைப்பது. நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் கடற்கரை என்பது மூன்று கோடுகள்: வானம், நீர், மணல். முழங்காலிட்டால் அதே மணல் ஓர் ஊராகிவிடும். நீர் வடிந்த ஈரமணலில் சிறு நண்டுகள் தம் வளையைச் சுற்றி மணலுருண்டைகளைக் கோலப்புள்ளி போல் அடுக்கியிருக்கும். மணலிலுள்ள இரையை உண்டுவிட்டு அவை ஒதுக்கிய உருண்டைகள் அவை. அடுத்த அலை வரும் வரைதான் அந்தக் கோலத்துக்கு ஆயுள். சற்று மேலே இராவணன் மீசை என்னும் முட்புல் மணலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனருகே அடப்பங்கொடி ஊதாப் பூக்களோடு படர்ந்திருக்கும். காலையில் விரிந்த பூ வெயில் ஏறிய பின் வாடிவிடும். மாலையில் மட்டும் கடற்கரைக்குப் போகிறவர் அதை நன்கு மலர்ந்த கோலத்தில் காண்பதே இல்லை.

இந்த அடப்பங்கொடிதான் சங்கப் பாடல்களில் வரும் அடும்பு. அதன் இலை நடுவில் பிளவுபட்டிருக்கும். குறுந்தொகைப் புலவர் ஒருவர் அதை மானின் அடிக்கு ஒப்பிட்டார். பல நூற்றாண்டுகளுக்குப் பின், வேறொரு கண்டத்தில், அதே கொடிக்கு இலத்தீனில் பெயர் சூட்டிய தாவரவியலார் ஆட்டின் அடி என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். ஒருவரையொருவர் அறியாத இரு கண்கள் ஒரே இலையில் குளம்பைக் கண்டன. குனிந்து பார்த்தவர்களுக்கே இது வாய்க்கும். அந்த உவமை ஏட்டிலிருந்து எடுத்ததன்று, மணலிலிருந்து எடுத்தது. திணைக்குப் பெயர் தந்த நெய்தற் பூவும் அப்படித்தான். அது கடல்மணலில் பூப்பதில்லை. கடலுக்குப் பின்னே தேங்கும் கழியிலும் குளத்திலும் பூப்பது. நெய்தற் பூவைப் படமெடுக்க வேண்டுமானால் கடலுக்கு முதுகைக் காட்டி நடக்க வேண்டும்!

படம் எடுத்தால் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கொள்கை. கேட்பதற்கு ஆள் அங்கேயே இருப்பார். மீனவர்களின் சொல்வளம் பெரிது. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். தெற்கிலிருந்து வருவது சோழகம். காற்றைப் படமெடுக்க முடியாது. ஆனால் அது மணலில் எழுதிய வரிகளைப் படமெடுக்கலாம். எழுதிய காற்றின் பெயரைப் படத்தின் கீழே எழுதி வைக்கலாம். பெயரில்லாத படம் ஒரு காட்சியாகவே நின்றுவிடும். பெயர் சேர்ந்தால் அது ஒரு சொல்லுக்குச் சாட்சியாகும். கவிஞர்களுக்குச் சொல் வேண்டுமே தவிரக் காட்சி மட்டும் போதாது அல்லவா?

சில உயிர்களிடம் எச்சரிக்கை வேண்டும். சனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். சென்னையில் மாணவர்கள் 1988 முதல் இரவுநடை சென்று அந்த முட்டைகளைக் காத்து வருகிறார்கள். ஆமைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் செயற்கை ஒளி கேடு. குஞ்சுகள் ஒளியைக் கடலென்று எண்ணித் திசை மாறிவிடும். அங்கே காமிராவின் மின்வெட்டு விளக்கு கூடாது. கோடியக்கரைப் பூநாரைகளையும் தொலைவில் நின்றே பார்க்க வேண்டும். பறக்க வைத்துப் படமெடுப்பவர் பறவையின் இரையைத் திருடுகிறவர்.

கடற்கரையின் முதன்மையான கருப்பொருள் அங்கு வாழும் மக்கள். இங்கே நாம் மிகுந்த கவனத்தோடு நடக்க வேண்டும். நமக்கு உலாவுமிடமாக இருப்பது அவர்களுக்கு வேலைத்தலம், வாசல், சில நேரங்களில் படுக்கையறையும்கூட. வலை செப்பனிட்டுக்கொண்டிருப்பவரை அவர் அறியாமல் படமெடுப்பது, நம் வீட்டுத் திண்ணையில் நாம் அமர்ந்திருக்கும்போது வழிப்போக்கர் ஒருவர் படமெடுப்பதற்கு ஒப்பாகும். "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? கேட்டால் இயல்பு போய்விடும் என்பார்கள். போகட்டும். சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தால் இயல்பு தானே திரும்பி வரும். அப்பேச்சில் நமக்குக் கிடைக்கும் ஒரு சொல், நாம் எடுக்கத் தவறிய பத்துப் படங்களுக்கு ஈடாகும்.

டிஜிட்டல் காமிரா இதில் ஒரு நல்ல மாற்றத்தைக் கொண்டுவந்தது. பிலிம் காலத்தில் எடுத்தவர் படத்தைக் கொண்டுபோய்விடுவார். எடுக்கப்பட்டவர் தம் முகத்தைப் பார்க்கவே மாட்டார். இப்போது அக்கணமே முதுகுத் திரையில் காட்டலாம். கரைவலை இழுக்கும் பெரியவர் தம் படத்தைப் பார்த்துச் சிரிக்கும்போதோ, "இது வேண்டாம், அழித்துவிடு" என்று சொல்லும்போதோ, படம் இருவருக்கும் பொதுவாகிறது. அழித்துவிடு என்றால் அவர் கண்ணெதிரே அழிக்க வேண்டும்.

இனி உரிப்பொருள். நெய்தலுக்கு உரியது இரங்கல். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. இரண்டு நாள் கழித்துக் கடலூரில் ஆர்கோ தத்தா என்ற செய்தி ஒளிப்படக் கலைஞர் ஒரு படம் எடுத்தார். மணலில் குப்புற வீழ்ந்து, இரு கைகளையும் விரித்துக் கதறும் ஒரு பெண். படத்தின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். அவ்வாண்டின் உலகச் செய்தி ஒளிப்பட விருது அப்படத்துக்குக் கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் இரங்கல் என்று இலக்கணத்தில் படித்த சொல் அந்த மணலில் கிடந்தது. அதைப் பார்த்தவர்கள், நெய்தல் என்பது அழகான நிலப்பகுதி மட்டுமன்று என்பதை மறக்க மாட்டார்கள்.

அத்தகைய படத்தை எடுக்கும் கடமையோ உரிமையோ உலாவப் போகும் நமக்கு இல்லை. பிறர் துயரத்தின் முன் நம் காமிரா கீழே இறங்கிவிட வேண்டும். ஆனால் நாம் எடுக்கும் மகிழ்ச்சியான படங்களும் அதே மணலில்தான் எடுக்கப்படுகின்றன என்ற நினைவு நமக்கு வேண்டும். காமிராவுக்கு முதல் தெரியும்; கரு தெரியும். உரிப்பொருளைப் பிடிப்பது அரிய கலைஞர்களுக்கு, அரிய கணங்களில் வாய்ப்பது. நம்மைப் போன்றோர் எடுக்கும் படத்தில் கடலின் ஓசை இல்லை. கருவாட்டின் மணம் இல்லை. கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டின் அமைதி இல்லை. அவ்விடத்தில் கவிதை தொடங்குகிறது. படம் எடுத்துவிட்டோம், இனிக் கவிதை எதற்கு என்பவர் படத்தையும் அறியாதவர், கவிதையையும் அறியாதவர். படம் எங்கே நின்றுவிடுகிறது என்று தெரிந்துகொள்வதற்காகவேனும் ஒரு கவிஞர் படமெடுத்துப் பார்க்கலாம்.

நிறைவாக ஒன்று. நாம் உலவும் கரை நிலையானதன்று. நம் கிழக்குக் கரையில் மணல் ஓய்வின்றி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே செல்வதே மிகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த மணல் தடைப்பட்டுத் தெற்கே குவிந்தது. மெரினா இவ்வளவு அகன்றது அதனால்தான். வடக்கே இராயபுரம் தன் கரையை இழந்ததும் அதனால்தான். ஒரே சுவர் ஓர் ஊருக்கு உலாவ மணலைத் தந்தது. மற்றோர் ஊரின் வாசலை எடுத்துக்கொண்டது. புதுச்சேரியில் 1989இல் துறைமுகம் அமைந்த பின் நகரத்துக் கடற்கரையின் மணல் கரைந்து, கற்குவியலே எஞ்சியது. 2018இல் நீருக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பின் அங்கே ஓரளவு மணல் திரும்பியது. தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் கட்டிய கோட்டை நிற்கிறது. அதற்கு மூன்று நூற்றாண்டு மூத்த மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கட்டுமரங்கள் நிரம்பியிருந்த பல கரைகளில், 2004க்குப் பின் கண்ணாடியிழைப் படகுகளே பெருகின.

ஆகவே, விளையாட்டாக எடுத்த படமும் ஒரு நாள் ஆவணமாகும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. எங்கே, எப்போது எடுத்தது என்ற குறிப்பு வேண்டும். படம் அழியாமல் இருக்க வேண்டும். மெழுகுக் காகிதத்தில் பிறந்த டிரைப்பின் படங்கள் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நம்முடைய டிஜிட்டல் படங்களோ ஒரு சேமிப்பு அட்டை பழுதானால், ஒரு கைப்பேசி தொலைந்தால் ஒரே நாளில் இல்லாமற் போகும். எடுத்தவற்றில் நல்லவற்றை இரண்டு இடங்களில் படியெடுத்து வைக்க வேண்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்களையாவது காகிதத்தில் அச்சிட்டு, பின்புறம் பென்சிலால் ஊர், நாள், பொழுது, அறிந்த பெயர்கள் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும்.

இந்த வட்டத்துக்கு ஒரு விண்ணப்பம். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறீர்கள். விருப்பமுள்ள உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்கு எட்டிய கடற்கரையிலோ, கடல் தொலைவானால் ஏரிக்கரையிலோ ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அங்கே செல்லுங்கள். நின்ற இடத்திலேயே நின்று, அதே திசையில் ஒரு படம் எடுங்கள். பிறகு விருப்பம் போல் உலவி, பன்னிரண்டுக்கு மேற்படாமல் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயராவது கேட்டு எழுதுங்கள். ஆண்டின் முடிவில் உங்களிடம் பன்னிரண்டு திங்களின் கரை இருக்கும். நூறுக்குக் குறையாத பெயர்கள் இருக்கும். அதிலிருந்து கவிதை வந்தால் நன்று. வராவிட்டாலும் ஊருக்கு ஓர் ஆவணம் கிடைத்திருக்கும். உங்களுக்குப் பன்னிரண்டு நல்ல மாலைகள் கிடைத்திருக்கும்.

இருபதாம் ஆண்டு மலரில் நெய்தற் கவிதைகள் வரும்போது, அவற்றில் அடும்பும் கொண்டலும் நண்டின் மணலுருண்டையும் கண்டவர் சொல்லாக அமைந்திருக்க வேண்டும் என்று விரும்பி அமைகிறேன்.